ஏழாம் படுக்கையருகே அமர்ந்தவருக்கு

சோதனைத் தாள்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்லித் தந்தவரே! எக்ஸ்ரேயின் இருட்டையும் ஈசிஜியின் கோட்டையும் எளியவர் காதுக்கு எட்டச் செய்தவரே! இருபத்தொன்பது ஆண்டுகள் இம்மருத்துவமனையின் நோயாளி விளக்க அலுவலராய் இருந்து, 'விளக்கம் சொல்ற அக்கா' என்பது நோயாளிகள் வாயில் தேய்ந்து 'விளக்கக்கா' ஆகி, வருகைப் பதிவேடு தவிர வேறெங்கும் சொந்தப் பெயரே இல்லாமல் போனவரே! உங்கள் பணி நிறைவு நாளில், தீவிர சிகிச்சைப் பிரிவு ஊழியர்களின் வணக்கம்.

உங்கள் பொறுமையைப் புகழலாம். சர்க்கரை நோய்க்காரரிடம் ஒரே கேள்விக்கு ஒன்பது முறை பதில் சொன்ன கதையைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் தாளில், நாங்கள் இதுவரை வாய்விட்டுப் பேசாத ஒன்றை எழுதி வைக்கவே விரும்புகிறோம்.

பத்தாண்டுகளுக்கு முன், நுரையீரல் காய்ச்சலோடு வந்த ஒரு லாரி ஓட்டுநர் ஏழாம் படுக்கையில் பன்னிரண்டு நாள் செயற்கை மூச்சில் கிடந்தார். கண் திறக்கவில்லை, கை அசைக்கவில்லை. நீங்களோ நாள் தவறாமல் பகல் ஒரு மணிக்கு வந்து, அன்றைய ரத்த முடிவுகளை அவர் காதருகே படித்து, பொருள் சொல்லிவிட்டுப் போனீர்கள். "சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கேக்கா" என்று கேலி செய்தவர்கள் நாங்கள்தான். "அவரோட உடம்பு. அவருக்குச் சொல்லாம யாருக்குச் சொல்றது?" என்றீர்கள்.

குழாயை எடுத்த மறுநாள், கம்மிய குரலில் அவர் உங்களிடம் கேட்டார்:

"நீங்க போனப்புறம் ரெண்டு மணிக்கு வருவாரே, அவர் யாரு, அக்கா?"

"எவரு?"

"உங்களை மாதிரியேதான் எல்லாம் சொல்வார். கிரியாட்டினின் மூணு புள்ளி எட்டுன்னுகூட சொன்னார். தாளைப் புரட்டுற சத்தம் கேக்கும். கடைசியில மட்டும், 'இதுக்கு மேல கஷ்டப்பட்டு மூச்சு விட வேணாம்'னு முடிப்பார்."

மதியம் இரண்டு மணிக்கு எங்கள் பிரிவில் ஆண் ஊழியர் யாரும் பணியில் இருந்ததில்லை. மயக்க மருந்தின் வேலை என்றார் தலைமை மருத்துவர். நீங்களும் அதையே ஓட்டுநருக்குப் பக்குவமாய் எடுத்துச் சொன்னீர்கள். ஆனால் அன்று மாலை பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தீர்கள். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்று புள்ளி எட்டு என்று வந்தது ஆறாம் நாள் பகல் ஒன்றரை மணிக்கு; மறுநாள் நீங்கள் படித்தது வேறு எண். ஒரு மணிக்கே வந்து போய்விட்ட நீங்கள் அந்த எண்ணை அவரிடம் சொல்லியிருக்கவே முடியாது.

எட்டு மாதம் கழித்து அதே படுக்கைக்கு ஒரு தையற்காரப் பெண்மணி வந்தார். கிருமி பரவிச் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. மயக்க மருந்து ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் டயாலிசிஸ் வேண்டாம் என்று ஆக்சிஜன் முகக்கவசத்தையும் பிடுங்கி எறிந்தார். அவர் கணவர் கெஞ்சினார், மருத்துவர் அதட்டினார், எதுவும் எடுபடவில்லை. நீங்கள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தீர்கள்.

"ரெண்டு மணிக்கு வர்றவரும் நீங்களும் ஒரே நம்பரைத்தான்க்கா சொல்றீங்க. ஆனா அவர் 'போதும்'ங்கிறார். நான் யாரை நம்புறது?" என்றார் அவர்.

எங்களுக்கு அந்த லாரி ஓட்டுநரின் நினைவு வந்தது. நீங்கள் மட்டும் நிதானமாய்க் கேட்டீர்கள்: "அவர்கிட்ட ஏதாச்சும் கேட்டுப் பாத்தீங்களா?"

"கேக்க விட்டாத்தானே! அவர்பாட்டுக்குச் சொல்லிட்டே போறார்."

"சரி, என்கிட்ட கேளுங்க. எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்."

"அந்த மிஷினுக்குள்ள போயிட்டுத் திரும்புறது என் ரத்தம்தானா?"

"துவைச்சா சட்டை வேற சட்டை ஆயிடுமா? உங்களோடதேதான், அழுக்கு மட்டும் போயிருக்கும்."

பதினான்கு கேள்விகள் கேட்டார். கடைசிக் கேள்வி, "நான் செத்துருவேனா?"

"தெரியலைம்மா. இன்னைக்கு இல்லைன்னு நினைக்கிறேன். நாளைக்கு வந்து நாளைக்கு உள்ளதைச் சொல்றேன்."

அப்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. ஜன்னலில் நல்ல வெயில். உங்களுக்குப் பின்னால், ஆள் இல்லாத இடத்தில், தாள் ஒன்று புரண்டது. எங்களில் நால்வர் கேட்டோம். நீங்களும் கேட்டீர்கள் என்பது உங்கள் தோள் இறுகியதில் தெரிந்தது. ஆனாலும் திரும்பவில்லை, அவர் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. தையற்காரர் கையை நீட்டிக் கவசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பதினெட்டாம் நாள் நடந்தே வீடு போனார்.

அன்றிலிருந்து ஒன்பதாண்டுகள், இரண்டு முதல் மூன்று மணிவரை உங்கள் இருக்கை ஏழாம் படுக்கையருகேதான். கட்டிலை மாற்றினார்கள், சுவருக்கு வண்ணம் பூசினார்கள். நீங்கள் நேரத்தை மாற்றவில்லை. அங்கே இறந்தவர்களும் உண்டு. அவர்களிடமும் நீங்கள் பொய் சொன்னதில்லை. ஆனால் ஒருவரும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு இறக்கவில்லை.

அஞ்சாத நெஞ்சரே! ஒன்றை மறைத்துவிட்டோம், மன்னியுங்கள். செவ்வாயன்று நீங்கள் ஓய்வூதியத் தாள்களுக்காக வெளியே போயிருந்தீர்கள். இப்போது ஏழாம் படுக்கையில் இருக்கும் அச்சகக்காரர், வாயில் குழாயோடு, பலகையில் எழுதிக் காட்டினார்: "வெள்ளிக்கிழமையோட அந்தம்மா வர மாட்டாங்கன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போறார்." நீங்கள் ஓய்வு பெறுவதை எங்களில் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இன்று வெள்ளி. இதைப் படிக்கும் இந்நேரம் மணி இரண்டேகால். உங்கள் கண் வாசலுக்கும் கடிகாரத்துக்குமாய் அலைவதைப் பார்க்கிறோம். கவலை வேண்டாம், அக்கா. மாலையை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் நெடுநாள் நலமோடு வாழ வேண்டும். வயிறாரச் சாப்பிட்டு, மதியங்களில் நிம்மதியாய்க் கண்ணயர வேண்டும். எந்த நாளில் எந்தப் படுக்கையில் நீங்கள் கிடக்க நேர்ந்தாலும், கேட்டதற்குப் பதில் சொல்லும் ஒருவர் உங்கள் அருகில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவு ஊழியர்கள் பதினொருவர்.

(பன்னிரண்டாமவரான இயன்முறைச் சிகிச்சையாளர் இம்மடலில் கையெழுத்திட வர இயலவில்லை. அச்சகக்காரரைப் பலகையில் கேள்வி எழுதச் சொல்லிவிட்டு, ஏழாம் படுக்கையருகே உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.)