நூறு வெள்ளிக் குறைப்பு

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் ஏறிய வயதான தம்பதி என் முன்னிருக்கையில் அமர்ந்தார்கள். பேருந்தில் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பேர். பேசியவர்கள் இவர்கள் மட்டும்.

“நம்ம பாப்பா வேலை செய்ற அமைச்சு பட்ஜெட்ல நூறு வெள்ளி குறைக்கணும்னு எம்.பி. கேட்டிருக்காரு,” என்றார் கணவர்.

“நூறு வெள்ளிதானே? நாமளே குடுத்துடலாம்ங்க. புள்ளைய வீட்டுக்கு அனுப்பட்டும்.”

“அது சும்மா முறைக்குக் கேக்குறது லா. எதுக்கு இத்தனை ஆளுன்னு பேசுவாரு. அமைச்சர் பதில் சொன்னதும் வாபஸ் வாங்கிடுவாரு. அந்தப் பதிலத்தான் பாப்பா உக்காந்து எழுதுறா.”

“இத்தனை ஆள் இருந்தும் என் புள்ள ஒரு வாரமா வீட்டுல சாப்பிடலயே!”

கணவர் கைபேசியில் மகளை அழைத்தார். “அம்மா ஒரு கேள்வி கேக்கணுமாம்,” என்று மனைவியிடம் நீட்டினார்.

“இன்னிக்குச் சாப்பிட வர்றியா?” என்று கேட்ட அம்மாள், பதிலைக் கேட்டு முகம் மலர்ந்தார்.

“வர்றாளாம்ங்க. நானும் வாபஸ் வாங்கிட்டேன்.”