திறக்காத தண்ணீர் பாட்டில்

மந்தாரக்குப்பத்தில் பஸ் ஏறிய இரண்டு சுரங்கத் தொழிலாளிகள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். ஒருவர் கண்ணாடி போட்டிருந்தார்.

"சுகர் மாத்திரை மாத்துனதுலேர்ந்து வேலையில தண்ணியே குடிக்கறதில்ல மச்சான்," என்றார் மற்றவர்.

"இந்த வெயில்லயா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அது சுகர ஒண்ணுக்குலயே வெளிய தள்ளுற மாத்திரை. கரி போற கன்வேயர் மேல ஏறிட்டா சும்மா சும்மா ஒண்ணுக்கு எறங்க முடியுமா?"

"அது பிரஷரையும் எறக்கும்யா. எங்க வூட்லயும் அதான் போடறாங்க. தண்ணியும் குடிக்கலன்னா தலைக்கு ரத்தம் எப்படி ஏறும்? மயக்கம் வருதா?"

"எழுந்தா மட்டும். கம்பியப் புடிச்சிக்கினு பத்து எண்ணுவேன். சரியாப் பூடும்."

"டாக்டர்கிட்ட சொல்லு."

"சொன்னா மேல ஏறக் கூடாதுன்னு எழுதிடுவாரு. நீ பர்மனென்ட், கீழ வேலை குடுப்பாங்க. நான் கான்ட்ராக்ட்."

கண்ணாடிக்காரர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

மைன்ஸ் கேட்டில் பஸ் நின்றது. கான்ட்ராக்ட் தொழிலாளி எழுந்து, கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் "எறங்குய்யா" என்று கத்தினார்கள். கண்ணாடிக்காரர் குறுக்கே நின்று அவர்களை மறித்துக்கொண்டு, மெதுவாக எண்ணினார். பத்து வந்ததும் இருவரும் இறங்கினார்கள்.

பாட்டில் சீட்டிலேயே கிடந்தது. மூடியைத் திறக்கவே இல்லை.