கடைசி நாள் பெரட்டு

ஹட்டனில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கோயில் ஆராதனை முடிந்து வருகிறவர்கள். மடியில் வேதப்புத்தகம் இருந்தது. கொட்டகலைக்கு இரண்டு டிக்கட் எடுத்ததும் மூத்தவர் சிரித்தார்.

"கடைசி நாள் பெரட்டுல கங்காணியும் நம்ம வரிசையிலதான் நிக்கணுமாம். பாஸ்டர் சொன்னாருல்ல?"

காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்புவதைத்தான் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள்.

"தோட்டத்துத் தொரையுமாக்கா?"

"தொரையுந்தான். ஆண்டவர் மொகம் பார்க்கமாட்டாரு. நம்மள ஏசினதுக்கெல்லாம் அன்னைக்கு அவங்க பதில் சொல்லட்டும்."

"நம்மளயும் கேப்பாருல்ல?"

"நம்மள என்னத்தக் கேக்க? மழையில நனைஞ்சு கொழுந்து எடுத்தவங்க நாம."

பஸ் இரண்டு வளைவு திரும்பியது.

"செல்வியப் பத்திக் கேப்பாரு," என்றார் மூத்தவர். குரல் இறங்கியிருந்தது.

"நம்ம லயத்து வரிசையில அடுத்த வீட்டுல இருந்த செல்வியா?"

"முத்தின எலை எடுத்தா ஏசுவாங்கன்னு, என் கூடையில கெடந்தத அவ கூடையில தள்ளிட்டு, அவதான்னு காட்டிக் குடுத்தேன். கங்காணி எல்லார் முன்னாடியும் அவள வெரட்டினாரு. என்னையப் பார்த்துக்கிட்டே போனா."

"அது எப்பவோ நடந்ததுக்கா."

"இப்ப எங்க இருக்கா?"

"லிந்துலையில, மக வீட்டுல."

கொட்டகலையில் இளையவர் எழுந்தார். மூத்தவர் எழவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"தம்பி, லிந்துலைக்கு ஒண்ணு குடுங்க."