மாட்டைப் புதைக்க ஓர் இடம்

அம்மாவின் காரியத்துக்குச் சாமான் வாங்க, கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போனேன். அழுவதை மறைக்க, யாரும் பேசாத போனைக் காதில் வைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“மாடு செத்ததுக்குக் கூட அழுவலக்கா. புதைக்க எடமில்லையேனுதான் அழுதேன்.”

“உன் நெலம் என்னாச்சு?”

“மொத்தத்தையும் பிளாட் போட்டு வித்த புத்திசாலி நானு.”

“ஏரிக்கரையில போட்டிருக்கலாமே.”

“நாய் இழுத்துக்கினு போயி தண்ணியில போடும். ஊரே அதைத்தான் குடிக்குது.”

“பிளாட் வாங்கினவங்களைக் கேட்டியா?”

“கேட்டேன். வீடு கட்டற எடத்துல மாட்டைப் புதைப்பாங்களானு திட்டறாங்க. கடைசியில வீட்டுக்குப் பின்னால, அதைக் கட்டியிருந்த கொட்டாயிலயே ஆழமா தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைச்சேன்.”

“இனிமே அந்த வீட்டை எவன் வாங்குவான்?”

“அதுவும் நல்லதுதான்க்கா. இல்லன்னா அதையும் வித்துட்டிருப்பேன்.”