முப்பது வருஷத்துக்கு ஆறு பேட்டரி

இல்ல சார், கையெழுத்து போட மாட்டேன். தலைமை அலுவலகத்துலேர்ந்து வந்த நீங்க சாயந்தரம் வரைக்கும் இந்த நாற்காலியில உக்காந்திருந்தாலும் போட மாட்டேன். டீ ஆறுது, குடிங்க.

படிச்சேனே, நாலு பக்கமும் படிச்சேன். ரயில் பேட்டரி பத்து வருஷம் வரவேண்டியது, அஞ்சே வருஷத்துல செத்துப்போச்சு. காரணம் இந்தப் பணிமனை ஆளுங்களோட கவனக்குறைவு. ஒன்பது பேர வேலைய விட்டு எடுக்கணும். பணிமனைப் பொறியாளரா நானும் அத ஒத்துக்கிறேன்னு கீழ ஒரு கோடு. அப்படித்தானே?

ஜன்னல் வழியா பாருங்க. மூணாவது தண்டவாளத்துல நிக்குதே, அதுதான். டீசல் இன்ஜினும் இருக்கு, அடியில பேட்டரியும் இருக்கு. பிரேக் பிடிக்கறப்ப அந்த வேகம் வீணாப் போகாம பேட்டரியில ஏறிக்கும். கெளம்பறப்ப அதுலயே ஓடும், இன்ஜின் சும்மா கெடக்கும். பிளாட்பாரத்துல புகையே கெடையாது. கைக்குழந்தையோட நிக்கற பொம்பளைங்க மூஞ்சிய மூடிக்க வேண்டியதில்ல. வண்டிய நான் குறை சொல்லவே இல்ல சார்.

அப்புறம் ஏன் செத்துச்சுன்னா? மலைத்தடம். மூணு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன். ஏறுது, எறங்குது, நிக்குது, கெளம்புது. சமவெளி வண்டிக்கு ஒரு தடவ பேட்டரி காலியாகி நெறையற நேரத்துல இதுக்கு ரெண்டு தடவ. தெனமும் ரெண்டு நாள் வேலைய ஒரே நாள்ல வாங்கினா நீங்களும் சீக்கிரமே படுத்துருவீங்க.

கவனக்குறைவா? இங்க ஒருத்தர் இருக்காரு, மூக்குன்னு கூப்பிடுவோம். பேட்டரிப் பெட்டி பக்கத்துல நின்னு மோந்து பாத்தே எது சூடாகுதுன்னு சொல்லிருவாரு. மீட்டர் அதுக்கப்புறம்தான் முழிச்சுக்கும். முதல் வருஷமே ஓடி வந்தாரு, மேடம் இது தாங்காது, மேல எழுதுங்கன்னாரு. எழுதினேன். ஒரு தடவ இல்ல, பதினாலு தடவ. பதில் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு! உங்க ஒன்பது பேர்ல முதல் பேரு அவரோடதுதான். கீழதான் இருக்காரு, கூப்பிடறேன், அவர் மூஞ்சிக்கு நேரா இதப் படிச்சுக் காட்டுங்க. வேணாமா? சரி.

முப்பது வருஷம் ஓடற வண்டி. காகிதத்துல மூணு செட் பேட்டரி, நெசத்துல ஆறு. அந்த வித்தியாசத்தத்தான் அவங்க தலையில கட்டப் பாக்கறீங்க. அவங்கள வீட்டுக்கு அனுப்பிட்டா அடுத்த பேட்டரி பத்து வருஷம் வந்துருமா? அதுவும் அஞ்சுல படுக்கும். அப்ப வேற எந்த ஒன்பது பேரத் தேடுவீங்க?

இல்ல, வண்டியையே ஓரங்கட்டச் சொல்றவங்க பக்கமும் நான் இல்ல. மூணு மாசம் மலைத்தடத்துலயே போய் வந்து அளந்தேன். வாங்கறது, ஓட்டறது, ரிப்பேரு, பேட்டரி மாத்தறது, கடைசியில ஒடைச்சு விக்கறது வரைக்கும் எல்லாம் சேத்துட்டேன். முழு டீசல் வண்டிக்கு நூறு செலவுன்னா இதுக்கு தொண்ணூத்தி நாலு. உங்க காகிதத்துல எழுபத்தெட்டுன்னு இருக்கு. இப்பவும் நூத்துக்கு ஆறு மிச்சம்தான், ஆனா அந்த ஆறுக்கு யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

பயமா? இல்லாம என்ன. ஓய்வுக்கு நாலு மாசம் இருக்கு. பென்ஷன்ல கை வெச்சுட்டாங்கன்னா நாம ரெண்டு பேரும் என்ன பண்றதுன்னு எங்க வீட்டுக்காரரு காலையில கேட்டாரு. செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

நீங்க கொண்டாந்தது சுருக்கம் சார். வண்டி வாங்கறதுக்கு முன்ன போட்ட முழு மதிப்பீடு எங்கிட்ட இருக்கு, இந்தாங்க. பதினேழாம் பக்கம். பேட்டரி ஆயுள் பத்து வருஷம்னு போட்டிருக்கா? அது சமவெளியில எடுத்த அளவு. மலையில அளக்க மூணு மாசம் வேணும், மேல குடுத்தது ரெண்டு வாரம். முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. கையில இருந்த சமவெளி அளவ அப்படியே தூக்கி ஒட்டியாச்சு. இது மலைக்குப் பொருந்துமான்னு தெரியாதுன்னு ஒரு வரி எழுதியிருந்தாகூடப் போதும். அதுவும் எழுதல. அந்தக் கணக்குக்குப் பதவி உயர்வுகூட குடுத்தாங்க.

யாருக்கா? எனக்குத்தான். அப்ப நான் உங்க தலைமை அலுவலகத்துல இருந்தேன், வண்டி ஓட ஆரம்பிக்கறப்பதான் இங்க வந்தேன். பதினாலு கடிதத்துலயும் பேட்டரி தாங்கலன்னு எழுதினேன், தப்புக் கணக்கு என்னோடதுன்னு ஒண்ணுலகூட எழுதல. நேத்து மூக்குகிட்ட சொல்லிட்டேன்.  அது எனக்கு முதல் வருஷமே தெரியும் மேடம், நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்னாரு.

என்னையே ஏன் பாக்கறீங்க? அந்த ஒன்பது பேர அடிச்சுட்டு என் பேர எழுதுங்க சார்.