என் அலைவரிசையில் தியாகு

எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் சிற்றலை வானொலி நன்றாகக் கேட்கும். அதனால்தான் ஐயா, நான் பேசுவதற்கு அந்த நேரத்தை வைத்துக்கொண்டேன்.

என் பெயர் கணேசமூர்த்தி. தபால் நிலையத்தில் தந்தி அடிக்கும் வேலை. வீட்டில் சொந்தமாக ஓர் ஒலிபரப்புக் கருவி வைத்திருக்கிறேன். பரீட்சை எழுதி, மனுப் போட்டு, இரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய உரிமம். சுதந்திரம் வந்த பிறகு புது அரசாங்கத்தின் முத்திரையோடு அதைப் புதுப்பித்துத் தந்தார்கள். எந்த அலைவரிசையில் நான் பேசலாம் என்று அதில் எழுத்தில் இருக்கிறது.

தினமும் உரிமத்தோடு எனக்குக் கொடுத்த அடையாள அழைப்பு எழுத்துகளைச் சொல்லி, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பேன். பிறகு காற்று, மழை விவரம் வாசிப்பேன். பதில் அதிகம் வராது. அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

தியாகு எனக்கு நான்கு வீடு தள்ளி வாடகைக்கு இருந்தவன். ரேடியோ பழுது பார்ப்பான். பழைய உதிரிகளை வைத்து ஒரு கருவி செய்து, உரிமம் இல்லாமல், என் அலைவரிசையிலேயே, என் நேரத்திலேயே பேச ஆரம்பித்தான். பேச்சு என்றால் என்ன பேச்சு? யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, பக்கத்துப் புக்கிட் பாருவில் எந்தக் கடையில் கருவாடு நன்றாக இருக்கிறது, இப்படி. அதைக் கேட்கத் தெருவே ரேடியோவைத் திருகியது. வேலை முடிந்து நான் நடந்து வந்தால் வீட்டுக்கு வீடு அவன் குரல்தான்.

ஒருநாள் போய் உரிமத்தைக் காட்டினேன்.

"காத்து யாருக்காச்சும் சொந்தமா அண்ணே? சும்மா தமாஷ் லா," என்றான்.

அவன் மனைவி ருக்மணி காப்பி கொண்டுவந்தாள். "நீங்களும் ரேடியோவுல பேசுவீங்களாண்ணே? எனக்குத் தெரியவே தெரியாது," என்றாள். நல்ல பெண். காப்பியும் நன்றாக இருந்தது.

உரிமம் தந்த மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். விசாரிப்பதாகப் பதில் வந்தது, ஆள் வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. புது நாடு, ஆயிரம் வேலை இருக்கும். நம்மால் முடிந்ததை நாம்தான் செய்ய வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு, ஆண்டெனாவுக்கு வாங்கி வைத்திருந்த இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு போனேன். முன்கதவு திறந்திருந்தது. தியாகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான்.

"நம்ம ரோஷன் பீவி வீட்டு ஆட்டைக் காணோம். கழுத்துல நீலக் கயிறு. பார்த்தவங்க கொண்டுபோய் விட்டுடுங்க, பாவம் அழுவுறாங்க."

அவன் சொல்லி முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். முதல் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. திரும்பி, "அண்ணே, நிறுத்திடுறேன்ணே," என்றான். தெளிவாகத்தான் சொன்னான். ஆனால் ஆரம்பித்த வேலையை நடுவில் விடுவது எனக்குப் பழக்கமில்லை. கையைத் தூக்கித் தலையை மறைத்தான். கை எலும்பு முறிந்தது. பிறகு வாயில் அடித்தேன். தாடை உடைந்த பிறகும் ஏதோ சத்தம் வந்துகொண்டிருந்தது. அதுவும் நிற்கும்வரை அடித்தேன்.

மைக் திறந்தே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ருக்மணி அந்த நேரம் ரோஷன் பீவிக்கு ஆறுதல் சொல்லப் போயிருந்தாள் என்றும், அந்த வீட்டு ரேடியோவில் எல்லாவற்றையும் கேட்டாள் என்றும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். அது வருத்தமான விஷயம்தான்.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா. ஒழுங்குக்காகச் செய்தேன். தியாகுவைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வந்தபோது நான் ஏன் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவனைக் கீழே தள்ளிவிட்டு, மைக்கைத் துடைத்து, என் பெயரைச் சொல்லி, எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.