கன்று படுத்திருக்கும் வழியில் ஒரு வண்டி

பால்காரர்களின் பாடுகளையெல்லாம் பொறுமையாகக் கேட்கும் சங்கத் தலைவர் அவர்களே, மாட்டின் மூச்சைக் கேட்டே நோயறியும் மருத்துவர் அவர்களே, கறவை முடித்த கையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் கைகட்டி நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் என் நடுங்கும் வணக்கம்!

பண்ணைக்கு எந்தக் கம்பெனி ஸ்கிட் ஸ்டீயர் லோடர் வாங்கலாம் என்று பேச அழைத்தீர்கள். நின்ற இடத்திலேயே சுழன்று, முன்பக்கத்து பக்கெட்டால் சாணமும் தீவனமும் அள்ளும் குட்டி வண்டி அது. அதைப் பற்றிப் பேச நான் தகுதியானவனா? ஐயம்தான். பேச்சில் பிழையிருந்தால் பாதி அழைத்தவர்களுடையது. சிரிக்கிறீர்கள், கொஞ்சம் தெம்பு வருகிறது.

என் வீட்டம்மாவின் முழங்கால் மடங்க மறுத்தது. வண்டி வாங்குவோம், ஓட்ட ஆள் வைப்போம், அம்மா வீட்டுக்குள் இருக்கட்டும் என்றான் மகன். அவள் வாதாடவில்லை. "அந்த வண்டிய நானே ஓட்டிட்டா?" என்று மட்டும் கேட்டாள். ஓட்டினால் கொட்டகை அவளுடையது. ஓட்டாவிட்டால் வேறொருவருடையது. வழக்கு அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்? ஆராய்ந்தேன்! எஞ்சினை ஆராய்ந்தேன், எடை தூக்கும் திறனை ஆராய்ந்தேன், உதிரிபாகம் கிடைக்குமா என்று ஆராய்ந்தேன். ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்த பிறகு, என்னையே நம்பாமல் மறுபடியும் ஆராய்ந்தேன்!

ஓட்டிக் காட்ட வண்டி வந்தது. பக்கெட்டின் மேல் கால்வைத்து முன்பக்கமாக ஏற வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். அழகாக ஓட்டினாள். நடுவழியில் நிறுத்தினாள். ஏன்? எதிரே ஒரு கன்று படுத்திருந்தது. கன்றை அவள் அதட்டி எழுப்பமாட்டாள். இறங்கிப் போய்க் கழுத்தைச் சொறிந்துதான் எழுப்புவாள். அன்றும் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, தட்டுத்தடுமாறி இறங்கினாள். திரும்ப ஏற முடியவில்லை.

ஹாரன் அடித்தால் கன்று தானாக எழுந்துவிடுமே என்றார் விற்க வந்தவர்.

"நீங்க தூங்கும்போது உங்க காதுல அடிச்சா சும்மா இருப்பீங்களா தம்பி?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பக்கத்துல கதவு வச்ச வண்டியே கிடையாதாங்க?"

இருந்தது, அன்பர்களே! பக்கெட்டைத் தூக்கும் கை ஒரு பக்கம் மட்டும், மறுபக்கம் கதவு. வேறொரு கம்பெனி. ஒற்றைக் கை என்ன தூக்கிவிடும் என்று நான் ஒதுக்கிவைத்திருந்த வண்டி! அதை வரவழைத்தோம். கதவைத் திறந்தாள், இறங்கினாள், கன்றை எழுப்பினாள், ஏறினாள். மகன் குனிந்து, அம்மாவின் காலுக்கு எட்டும்படி இருக்கையை நகர்த்திக் கொடுத்தான்.

எந்தக் கம்பெனி பெரியது என்று கேட்பதா கேள்வி? எது அதிகம் தூக்கும் என்பதா கேள்வி? யார் ஏறுவார், யாருக்காக இறங்குவார், இறங்கியவர் மறுபடி ஏறுவாரா? அதுவல்லவா கேள்வி! கடையின் சிமெண்டுத் தரையில் ஓட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் கொட்டகையில், உங்கள் சாணத்தில், உங்கள் கன்றின் முன்னால் நிறுத்திப் பாருங்கள்!

கம்பெனி பெயரைச் சொல்லுங்கள் என்கிறார் அங்கே ஒருவர். எப்படி ஐயா சொல்வேன்? உங்கள் வீட்டில் யாருக்கு முழங்கால் வலி என்று எனக்குத் தெரியாதே!

மூன்றாம் வரிசையில் என் வீட்டம்மா எழுந்துவிட்டாள்; தீவன நேரம். நல்லவேளை, இந்த மேடைக்கும் படி பக்கவாட்டில்தான். பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி சொல்லி, மெல்ல இறங்கிக்கொள்கிறேன். வணக்கம்!